நீலச் சட்டைக்காரரும் தொழில் சுதந்திரமும்

2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் டாம்பா என்ற ஊரில், தன் வீட்டில் இரவு படுத்த பில்லி மேஸ் காலையில் எழுந்திருக்கவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் அவருக்கு 51 வயது ஆகியிருக்கும். ரத்தக் கொதிப்பால் வந்த இதய நோய் என்றார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மைக்கேல் ஜாக்சன் இறந்திருந்தார். உலகமே அந்தத் துக்கத்தில் இருந்தபோது இந்த மனிதரும் போய்விட்டார்.

பில்லி மேஸ் பாடகர் இல்லை, நடிகர் இல்லை. டிவியில் சாமான் விற்றவர். கறை நீக்கும் தூள், ஒட்டுப் பசை, சுவரில் மாட்டும் கொக்கி, தண்ணீர் உறிஞ்சும் துணி, இப்படி வீட்டுக்குத் தேவையான சின்னச் சின்னப் பொருட்கள். கறுத்த தாடி, நீலச் சட்டை, காக்கி பேன்ட், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரல். "வணக்கம், பில்லி மேஸ் பேசுகிறேன்!" என்றுதான் தொடங்குவார். நம் ஊர் சேனல்களிலும் நள்ளிரவில் இந்த மாதிரி விளம்பரங்கள் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். உதடு ஒரு பக்கம் அசையும், தமிழ்க் குரல் இன்னொரு பக்கம் கேட்கும், யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரே நிமிடத்தில் கூடை வெங்காயத்தை நறுக்கிக் காட்டுவார். மேஸ் அந்தக் கூட்டத்தின் ராஜா.

அவர் இறந்த அதே மாதம் முதல் தேதி அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. 77 ஆண்டுகள் உலகத்திலேயே அதிகம் கார் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், நம் பேச்சில் சொன்னால், மஞ்சள் கடிதாசி கொடுத்தது. அதை அரசாங்கம் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தியது. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொருளாதாரத்தில் அடிக்கடி அடிபடும் ஒரு சொல் சுலபமாகப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்பார்கள். நான் அதைத் தொழில் சுதந்திரம் என்று எழுதுகிறேன்.

தொழில் சுதந்திரம் என்றால் என்ன? யார் வேண்டுமானாலும் ஒரு தொழிலைத் தொடங்கலாம். விலையை விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லையென்றால் யாரும் யாரையும் விட்டு விலகிப் போகலாம். லாபம் வந்தால் முதல் போட்டவருக்கு, நட்டம் வந்தாலும் அவருக்கே. அவ்வளவுதான். ஆனால் "நட்டம் வந்தாலும் அவருக்கே" என்ற அந்த மூன்று வார்த்தைகள்தான் எப்போதும் காணாமல் போகின்றன. கட்டுரை முழுவதும் நான் அங்கேதான் திரும்பத் திரும்ப வரப்போகிறேன்.

கடற்கரைப் பலகையில் ஒரு மேஜை

மேஸ் பிறந்தது பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டிய மெக்கீஸ் ராக்ஸ் என்ற சிற்றூர். கல்லூரிக்குப் போய் அமெரிக்கக் கால்பந்து ஆடினார், படிப்பை முடிக்கவில்லை. அப்பா நடத்திவந்த அபாயக் கழிவு அகற்றும் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். 1983-ல் கிளம்பி நியூ ஜெர்சியில் கடலோரம் இருக்கும் அட்லாண்டிக் சிட்டிக்குப் போனார். கையில் பட்டமும் இல்லை, பெரிய கைமுதலும் இல்லை.

அந்த ஊரில் கடலை ஒட்டி நீளமாக ஒரு மரப்பலகை நடைபாதை உண்டு. 1870-ல் போட்டது. குளித்துவிட்டு வருகிறவர்களின் கால் மணல் ஓட்டலுக்குள்ளும் ரயில் பெட்டிக்குள்ளும் வரக்கூடாது என்பதற்காகத்தான் முதலில் போட்டார்கள். நாளடைவில் அது பெரிய கடைத்தெரு ஆகிவிட்டது. கூவி விற்பவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். அங்கே நின்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் காய் சீவும் கருவியும் கத்தியும் விற்றிருக்கிறார்கள். அமெரிக்க டிவியில் ஜானி கார்சன் நடத்திய இரவு நிகழ்ச்சியில் 30 ஆண்டுகள் பக்கத்து இருக்கையில் இருந்த எட் மக்மேன் கூட இளவயதில் அந்தப் பலகைமேல் நின்று காய் சீவி விற்றவர்தான். அவரும் அதே 2009 ஜூன் மாதம், மேஸுக்கு ஐந்து நாள் முன்னால் இறந்தார் என்பதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

மேஸ் அங்கே விற்றது கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரு கழுவும் கருவி. பழைய ஆட்கள் அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் தொழில் சுதந்திரத்தின் மொத்தப் பாடமும் அந்த மேஜைக்குள் இருக்கிறது.

கடற்கரைக்கு வருகிறவர் எவரும் கழுவும் கருவி வாங்க வருவதில்லை. காற்று வாங்க வருகிறார்கள். அவர்களில் ஒருவரை முதலில் நிறுத்த வேண்டும். ஒருவர் நின்றால் இரண்டாவது ஆள் "என்ன அது?" என்று எட்டிப் பார்ப்பார். பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் கூட்டமே கூட்டத்தைச் சேர்க்கும். வாய் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். கருவி சொன்னபடி வேலை செய்யவில்லையென்றால் அத்தனை கண்ணும் பார்த்துவிடும். அங்கே பூசி மெழுக முடியாது.

அப்புறம் வரும் கஷ்டமான கட்டம். இதுவரை வேடிக்கை, இனிமேல் காசு. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் இதைத் திருப்பம் என்ற பொருளில்தான் சொல்வார்கள். கொஞ்சம் முன்னாலேயே காசு கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். கொஞ்சம் தாமதமாகக் கேட்டால் வேடிக்கை பார்த்து முடித்து நடையைக் கட்டிவிடுவார்கள். நம் வியாபாரிகள் காலையில் முதல் போணிக்காக எப்படிக் காத்திருப்பார்களோ, அப்படி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு போணி வேண்டும். முதல் ஆள் பர்ஸை எடுத்தால் அடுத்தவர் எடுப்பார்.

இந்தக் காட்சியில் யார் யாரைக் கட்டாயப்படுத்தினார்கள்? ஒருவருமில்லை. மேஸுக்கு அங்கே நிற்க யாருடைய சிபாரிசும் வேண்டியிருக்கவில்லை. நடந்து போகிறவருக்கு நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. நின்றவர் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. கலைந்து போன ஒவ்வொரு காலும் அவருக்கு ஒரு பதில்: பேச்சு சரியில்லை, அல்லது விலை சரியில்லை, அல்லது சரக்கு எனக்கு வேண்டாம். அன்று மாலை சரக்கு மிஞ்சினால் அந்த நட்டம் மேஸுடையது. நடைபாதையில் போனவர்களிடம் வீடு வீடாகப் போய் "என் சரக்கு மிஞ்சிவிட்டது, ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள்" என்று அவர் கேட்க முடியாது. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஜெனரல் மோட்டார்ஸ் கதையில் இது திரும்ப வரும்.

பன்னிரண்டு ஆண்டுக்கும் குறையாமல் அவர் இப்படி ஊர் ஊராகச் சுற்றினார். கடற்கரையிலிருந்து வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி, கார் கண்காட்சி, மாநிலப் பொருட்காட்சி என்று. அவர் குரல் அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மைக் சரியில்லாத கொட்டகைகளில், பக்கத்து ஸ்டால்காரரின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே.

டப்பா திறப்பான் 112

இந்த வியாபாரம் டிவிக்கு வந்த கதை இன்னும் சுவையானது. 1977-ல் ஃப்ளோரிடாவில் ஒரு சிறிய வானொலி நிலையம். விளம்பரம் கொடுத்த ஒரு கடைக்காரரால் பாக்கியைக் கொடுக்க முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக 112 மின்சார டப்பா திறப்பான்களைக் கொடுத்துவிட்டார். நிலையத்தின் முதலாளி லோவெல் பாக்ஸன் அவற்றைத் தூக்கி அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டாவிடம் கொடுத்து, ஒலிபரப்பிலேயே விற்கச் சொன்னார். ஒன்று 9 டாலர் 95 சென்ட். அத்தனையும் போய்விட்டது. அந்த ஒரு அனுபவத்திலிருந்துதான் 1982-ல் உள்ளூர்க் கேபிளில் வீட்டிலிருந்தே வாங்கும் சேனல் பிறந்தது. 1985-ல் அது நாடு முழுக்கப் போனது. ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்பது அதன் பெயர்.

எந்தத் திட்டக் குழுவும் உட்கார்ந்து "இனி மக்கள் டிவி பார்த்துப் பொருள் வாங்குவார்கள்" என்று முடிவு செய்யவில்லை. வராத ஒரு பாக்கி, கையில் சிக்கிய சரக்கு, "முயன்று பார்ப்போமே" என்ற ஒரு மனிதர். தொழில் சுதந்திரத்தில் புதுமை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியில்லாத இடத்தில்தான் இப்படி முயன்று பார்க்க முடியும்.

1984-ல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம், டிவியில் மணிக்கு இத்தனை நிமிடம்தான் விளம்பரம் என்றிருந்த வரம்பை எடுத்துவிட்டது. அதற்கு முன் அரை மணி நேர விளம்பரம் என்பதே நடக்காத காரியம். நள்ளிரவுக்குப் பிறகு எந்தப் பெரிய கம்பெனியும் வாங்காத நேரம் நிலையங்களிடம் சும்மா கிடந்தது. அதை மலிவாக வாங்கிச் சின்ன ஆட்கள் உள்ளே வந்தார்கள். யாரும் சீந்தாத இடத்தில் கடை போட்ட மாதிரி.

இந்த விளம்பரங்களின் கணக்கு முறை எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய கம்பெனி விளம்பரம் செய்தால் அது விற்பனையைக் கூட்டியதா என்று கண்டுபிடிப்பது கடினம். இங்கே அப்படி இல்லை. திரையில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். விளம்பரம் ஓடிய நிமிடமே அழைப்புகள் வர வேண்டும். வந்த அழைப்பை எண்ணு, நேரத்துக்குக் கொடுத்த காசை எண்ணு, கழித்துப் பார். தேறவில்லையென்றால் அந்தச் சரக்கு அந்த வாரமே மூட்டை கட்டப்படும். முயன்று பார்க்கும் பொருட்களில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுந்துவிடும். பொருளின் அடக்க விலை விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களின் பொதுவான கணக்கு. மிச்சத்தில்தான் டிவி நேரம், பார்சல், தொலைபேசி ஆட்கள், கண்டுபிடித்தவரின் பங்கு எல்லாம் போயாக வேண்டும்.

பொருளாதாரப் பாடத்தில் "லாபமும் நட்டமும் தகவல்கள்" என்று எழுதியிருப்பார்கள். படிக்கும்போது புரியாது. மேஸின் தொலைபேசி மணியை நினைத்தால் புரியும். மணி அடித்தால் மக்களுக்கு இது வேண்டும். அடிக்கவில்லையென்றால் வேண்டாம். இரும்பு, பிளாஸ்டிக், உழைப்பு எல்லாவற்றையும் வேறு எதற்காவது பயன்படுத்து என்று அர்த்தம். நட்டம் என்பது தண்டனை மாதிரித் தெரியும். உண்மையில் வீண் வேலையை நிறுத்தச் சொல்லும் செய்தி அது.

போட்டியாளருக்கு ஒரு மைக்

1993-ல் பிட்ஸ்பர்க் கண்காட்சி ஒன்றில் மேஸ் கடை போட்டிருந்தார். அருகிலேயே மேக்ஸ் ஆப்பெல் என்பவரின் கடை. ஆப்பெலும் அவர் மனைவியும் டென்வரில் தொடங்கிய சிறிய குடும்பக் கம்பெனி, ஆரஞ்சு எண்ணெய் சேர்த்த மரச்சாமான் பாலிஷ் விற்றுவந்தது. ஆப்பெலின் மைக் கெட்டுவிட்டது. குரல் எழும்பாமல் அவர் திணறியபோது மேஸ் தன்னிடமிருந்த இன்னொரு மைக்கை எடுத்துக் கொடுத்தார். அங்கே தொடங்கிய நட்பு அது. பின்னால் ஆப்பெலின் பொருட்களை விற்க மேஸ் டிவிக்கே போனார்.

அந்தப் பொருட்களில் ஒன்றுதான் ஆக்ஸிகிளீன் என்ற கறை நீக்கும் தூள். அதன் முக்கியச் சரக்கு சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை விடும், அது கறையின் நிறத்தை உடைக்கும். பழுப்பு நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் ஒரு கரண்டித் தூளைப் போட்டுக் கலக்கி, தண்ணீர் தெளிவதைக் காட்டுவார் மேஸ். கடற்கரையில் கற்ற அதே வித்தைதான்: சொல்லாதே, காட்டு. 2006-ல் அந்தக் குடும்பக் கம்பெனியைச் சர்ச் அண்ட் டுவைட் என்ற பெரிய நிறுவனம் 32 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது.

மைக் கதையை நான் ஏன் சொல்கிறேன் என்றால், தொழில் போட்டி என்றதும் ஆளை ஆள் கடிக்கும் காட்டைத்தான் பலர் நினைக்கிறார்கள். சந்தையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்துக் கடைக்காரர்தான் சில்லறை மாற்றிக் கொடுப்பார், சாப்பிடப் போனால் கல்லாவைப் பார்த்துக்கொள்வார். போட்டி என்பது வாடிக்கையாளர் மனதை யார் முதலில் பிடிப்பது என்பதில்தான்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. டிவியில் விற்ற எல்லாச் சரக்கும் நல்ல சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். "ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம், பார்சல் கட்டணம் மட்டும் தனி" என்று சொல்லி, அந்தப் பார்சல் கட்டணத்திலேயே இரண்டாவது பொருளின் காசை எடுத்துவிடுவது அந்தத் தொழிலில் பழைய தந்திரம். தொழில் சுதந்திரத்துக்கு ஏமாற்றும் சுதந்திரம் என்று பொருள் இல்லை. பொய் சொல்லி விற்றால் தண்டிக்கச் சட்டம் வேண்டும், ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றம் வேண்டும். அமெரிக்காவில் 1914-லேயே இதற்காக ஒரு வணிக ஆணையம் அமைத்தார்கள். இந்தக் காவல் இல்லாவிட்டால் நேர்மையான வியாபாரிதான் முதலில் அழிவார். ஆட்டத்துக்கு நடுவர் வேண்டும். ஆனால் நடுவரே ஒரு பக்கம் சேர்ந்து பந்தை உதைக்கத் தொடங்கினால் என்ன செய்வது?

நட்டத்தை யார் சுமப்பது

இப்போது அந்த ஜூன் முதல் தேதிக்கு வருகிறேன். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் சுமார் பாதி ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்தவை. 2009-ல் அது ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருந்தது. மேஸின் மேஜையை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் நாற்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல நடந்து அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அதைத் தொடர்ந்து 2008-ன் நிதி நெருக்கடி வந்து கடைசி உதை கொடுத்தது.

மேஸாக இருந்தால் மிஞ்சிய சரக்கை மூட்டை கட்டியிருப்பார். இங்கே அமெரிக்க அரசு சுமார் 5,000 கோடி டாலர் போட்டது. புதிய கம்பெனியில் 60 சதவீதப் பங்கு அரசின் கைக்கு வந்தது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்று முடித்தபோது சுமார் 1,000 கோடி டாலர் திரும்ப வரவில்லை. அதாவது, அந்தக் காரை வேண்டாம் என்று விலகிப் போனவர்களே வரி வழியாக அதற்குக் காசு கொடுத்தார்கள். விலகிப் போகும் உரிமை அவர்களிடமிருந்து பின்வாசல் வழியாகப் பறிக்கப்பட்டது. நான் இதைத்தான் தொழில் சுதந்திரத்தின் தேய்வு என்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு முந்தைய ஆண்டே இது தொடங்கிவிட்டது. 2008 அக்டோபரில் வங்கிகளைத் தாங்கிப் பிடிக்க 70,000 கோடி டாலர் வரை செலவிட அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. சுதந்திரச் சந்தை அமைப்பைக் காப்பாற்றுவதற்காகச் சுதந்திரச் சந்தைக் கொள்கைகளையே கைவிட்டேன் என்று அந்த டிசம்பரில் அதிபர் புஷ்ஷே டிவியில் சொன்னார்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய வங்கி ஒன்று விழுந்தால் அதனிடம் கடன் பட்டவர், அதற்குக் கடன் கொடுத்தவர், சம்பந்தமே இல்லாத சேமிப்பாளர் எல்லோரும் சேர்ந்து விழுவார்கள். கார் கம்பெனி மூடினால் டயர் செய்பவர், கண்ணாடி செய்பவர், ஆலை வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்தவர் வரை தெருவுக்கு வருவார்கள். வங்கிகளுக்குக் கொடுத்த பணம் பின்னால் லாபத்தோடு திரும்பியதும் உண்மை. இந்த வாதங்களில் எனக்கு மதிப்பு உண்டு. அந்த வருடம் வேலை போன தொழிலாளியின் வீட்டில் போய் நான் கொள்கை பேச மாட்டேன்.

ஆனாலும் யாரைக் காப்பாற்றினார்கள், யாரை விட்டார்கள் என்று பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. 2009 என்ற அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் 140 வங்கிகள் மூடப்பட்டன. அவற்றில் மிகப் பல சிறிய ஊர் வங்கிகள். அவை விழுந்தால் நாடு ஆடாது, அதனால் விழ விட்டார்கள். கிரைஸ்லர் கார் நிறுவனத்தையும் அரசு தூக்கி நிறுத்தியது. அதே சமயம் 2009 ஜூனில் அந்த நிறுவனம் தன் 789 விற்பனை முகவர்களின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பரம்பரையாக, சொந்த முதல் போட்டு, சொந்த ஊரில் கார் விற்றவர்கள் அவர்களில் உண்டு. ஆலை பிழைத்தது, விற்றவர் கடையைக் கட்டினார். மேஸ் இறந்த மாதத்தில் விற்பனையாளர்களுக்கு நடந்தது இது.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பாடம் உண்டு. விழுந்தால் யாராவது பிடிப்பார்கள் என்று தெரிந்தால் மனிதன் உயரத்தில் கவனமில்லாமல் நடப்பான். லாபம் எனக்கு, நட்டம் ஊருக்கு என்று ஆகிவிட்டால் யார்தான் நிதானமாகச் சூதாடுவார்கள்? அளவில் பெரிதாக இருப்பதே ஒரு பாதுகாப்பு ஆகிவிடுகிறது. பக்கத்தில் அதே தொழில் செய்யும் சிறியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போது போட்டி எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சரிசெய்துவிடுகிறேன். தொழில் சுதந்திரத்தை ஆதரிப்பவர்கள் பெரிய முதலாளிகளின் ஆட்கள் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஆடம் ஸ்மித் 1776-லேயே எச்சரித்தார்: ஒரே தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடினால், அது விருந்துக்காகவே இருந்தாலும், பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியில்தான் போய் முடியும் என்று. சுதந்திரச் சந்தையின் தந்தை என்று கொண்டாடப்படுபவர் சொன்னது இது. ஏற்கெனவே கடை வைத்திருப்பவருக்குப் போட்டி பிடிக்காது. புதிதாக வருபவருக்கும் வாங்குபவருக்கும்தான் அது வேண்டும்.

இந்தத் தேய்வு உதவித்தொகை வழியாக மட்டும் வருவதில்லை. அனுமதிச் சீட்டு வழியாகவும் வருகிறது, சத்தமில்லாமல். 1950களில் அமெரிக்காவில் 20 பேரில் ஒருவருக்குத்தான் தன் வேலையைச் செய்ய அரசு உரிமம் தேவைப்பட்டது. இப்போது சுமார் நான்கில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது. மருத்துவருக்கு உரிமம் வேண்டும் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். லூசியானா மாநிலத்தில் பூங்கொத்து கட்டி விற்க உரிமம் வேண்டும் என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. 2010 வரை அதற்குச் செய்முறைத் தேர்வே நடந்தது. நடுவர்கள் யார் தெரியுமா? ஏற்கெனவே உரிமம் வாங்கிக் கடை வைத்திருந்த பூ வியாபாரிகள். கோயில் வாசலில் மல்லிகை கட்டும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் நம்புவாரா? பூ வாடியிருந்தால் வாங்குபவர் அடுத்த கூடைக்குப் போவார், அதற்கு மேல் என்ன தேர்வு வேண்டும்?

நமக்கு இது புதிய கதை இல்லை. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதே இதற்கு எதிராகத்தான். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது.

அமெரிக்காவில் மொத்த நிறுவனங்களில் புதிதாகத் தொடங்கியவற்றின் பங்கு 1970களின் கடைசியிலிருந்து 2010 வரை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2020-ன் பெருந்தொற்றுக்குப் பிறகு கதை கொஞ்சம் மாறியது. 2021-ல் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிய தொழிலுக்குப் பதிவு செய்ய விண்ணப்பித்தார்கள். இன்றைக்குக் கைபேசியை முக்காலியில் மாட்டி, நேரலையில் புடவை பிரித்துக் காட்டி விற்கும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கடற்கரைப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. அதே பேச்சு, அதே காட்டல், காசு கேட்கும் அதே திருப்பம். பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம்.

மேஸின் உடலை அவர் பிறந்த மெக்கீஸ் ராக்ஸுக்கே கொண்டுபோனார்கள். இறுதிச் சடங்கில் பெட்டியைச் சுமந்தவர்கள் கறுப்புக் கோட்டு அணியவில்லை. எல்லோரும் நீலச் சட்டையும் காக்கி பேன்ட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.